தோள் எங்கே நிற்கிறது?

ரைஃபிளின் போல்ட் கைப்பிடி முக்கால் தூரம் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. கொஞ்சம் அழுத்தினால் இறங்கிவிடும் போலத்தான் இருந்தது. அழுத்தவில்லை. உள்ளே இருந்தது, மறுபடி நிரப்புவதற்காகச் சற்று முன்பு சைஸ் செய்து, அதாவது அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து முடித்த வெறும் பித்தளைத் தோட்டா உறை. பிரைமர் (அடியில் தீ மூட்டும் சிறு மூடி) இல்லை, வெடிமருந்து இல்லை, குண்டும் இல்லை. அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டேன். அதுவும் அதே இடத்தில் நின்றது. மூன்றாவது உறை தடையே இல்லாமல் உள்ளே போனது. அன்று மேசையில் இருந்த 50 உறைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 19 உறைகளுக்குக் கைப்பிடி முழுதாக இறங்கவில்லை.

என்னைக் குழப்பிய விஷயம் இதுதான். அந்த உறைகள் எல்லாமே இதே ரைஃபிளில் சுட்டவை. சுட்டதும் எடுத்த உறையை அப்படியே திரும்பப் போட்டால் சுகமாகப் போகிறது. டையில், அதாவது சைஸ் செய்யும் எஃகு அச்சில் அழுத்தி எடுத்த பிறகு போக மறுக்கிறது. சைஸ் செய்வது என்றாலே விரிந்த உறையைச் சுருக்குவதுதானே? சுருங்கிய உறை எப்படி முன்பைவிட இறுக்கமாக இருக்க முடியும்?

பதில் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் சம்பந்தமில்லாத எத்தனையோ காரியங்களைச் செய்தேன். ஒழுங்கான உறைகளை டிரிம் செய்தேன். சேம்பரை, அதாவது ரைஃபிளில் உறை உட்காரும் அறையை, திரும்பத் திரும்பத் துடைத்தேன். டையே பழுது என்று முடிவு கட்டி வேறு டை வாங்கும் வரைக்கும் போய்விட்டேன். அந்த மூன்று வாரத்தையும் அதற்குப் பிறகு வந்த சிக்கல்களையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். ரைஃபிள் உறைகளை மறுநிரப்புகிற யாருக்கும் இவற்றில் பாதியாவது வந்தே தீரும். வெடிமருந்து அளவுகளைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. பித்தளையைப் பற்றி மட்டும்தான். அப்புறம், மறுநிரப்பலுக்கான உரிமமும் அனுமதியும் இடத்துக்கு இடம் வேறு. அது உங்களிடம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

வழி காட்டியவர் எங்கள் சுடுதளத்தில் பல வருஷமாகச் சுடுகிற ஒரு மூத்தவர். நான் நடந்ததை எல்லாம் கொட்டியதும், "அளவெல்லாம் அப்புறம் எடுக்கலாம் தம்பி, முதலில் ஒரு மார்க்கர் பேனாவை எடு" என்றார். போகாத உறை ஒன்றின் வாய், தோள் (உடல் ஒடுங்கிக் கழுத்தாக மாறும் சரிவு), அடிக்குச் சற்று மேலே உள்ள உடல், மூன்று இடத்திலும் கறுப்பு மையைப் பூசச் சொன்னார். மை காய்ந்ததும் சேம்பரில் போட்டு, கைப்பிடி எங்கே நிற்கிறதோ அதுவரை மட்டும் மெதுவாக இறக்கி, வெளியே எடுத்துப் பார்த்தோம். வாயில் பூசிய மை அப்படியே இருந்தது. அடிப்பக்கத்திலும் அப்படியே. தோளில் மட்டும் ஒரு வளையம் பளிச்சென்று தேய்ந்திருந்தது.

உறையின் நீளம் பிரச்சினை என்றால் வாயில் தேய்ந்திருக்கும். அடி பருத்திருந்தால் அங்கே தேய்ந்திருக்கும். தோளில் தேய்ந்தது என்றால் தோள் முன்னே வந்து நிற்கிறது என்று பொருள். நான் மூன்று வாரமாகத் தேடியதை மை இரண்டு நிமிடத்தில் காட்டிவிட்டது.

தோள் ஏன் முன்னே வருகிறது என்பதற்கு டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். உறை டைக்குள் ஏறும்போது முதலில் டையின் சுவரைத் தொடுவது உடல்தான். சுட்டபோது விரிந்த உடலை டை சுற்றிலும் நெருக்குகிறது. நெருக்கப்பட்ட பித்தளை எங்காவது போயாக வேண்டுமே. ஈர மண் உருண்டையைக் கைக்குள் வைத்து இறுக்கினால் அது மேலே பிதுங்குகிற மாதிரி, உடல் ஒடுங்க ஒடுங்கத் தோள் மேல்நோக்கி, அதாவது முன்னே நகர்கிறது. டையின் உள்ளே உள்ள தோள் பகுதி இன்னும் உறையின் தோளைத் தொட்டிருக்காது. டையில் உறையை அழுத்தும் கருவியான பிரஸ்ஸின் கைப்பிடி இறங்கும் கடைசிச் சில மில்லிமீட்டரில்தான் டை உறையின் தோளைச் சந்தித்துப் பின்னே தள்ளுகிறது. அந்தக் கடைசித் தூரம் கிடைக்காவிட்டால், உடல் ஒடுங்கி, தோள் முன்னே வந்து, சுட்டபோது இருந்ததைவிட நீளமான உறை கையில் கிடைக்கும்.

என் டையின் அமைப்பில் அந்தக் கடைசித் தூரம்தான் கிடைக்கவில்லை. பிரஸ்ஸில் உறையை மேலே தூக்கும் தண்டான ரேமை முழுதாக மேலே ஏற்றி, டையைத் திருகி, ரேமின் உச்சியில் உறையின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரைத் தொட வைத்து, பூட்டு வளையத்தை இறுக்கியிருந்தேன். வெறுமனே இருக்கும்போது இரண்டும் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் உள்ளே உறை ஏறி அழுத்தம் வந்ததும் பிரஸ்ஸின் சட்டமே மிகச் சிறிதாக நீண்டுகொடுக்கிறது. உறையோடு கைப்பிடியைக் கடைசி வரை இறக்கி, பின்பக்கம் ஒரு விளக்கை வைத்துக் குனிந்து பார்த்தேன். டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவே மெல்லிய கோடாக வெளிச்சம் வந்தது. என் 19 உறைகளையும் கெடுத்தது அந்தக் கோடுதான். டையில் ஏற்றும் முன் பூசும் மசகு நன்றாக இருந்த உறைகள் சுலபமாக ஏறியதால் சட்டம் குறைவாக நீண்டு, தோள் தேவையான அளவு பின்னே போயிருக்கிறது. மசகு குறைந்தவை இறுகியதால் பாதியில் நின்றிருக்கின்றன. ஒரே அமைப்பில் சில உறைகள் போய், சில போகாததற்குக் காரணம் அதுதான்.

டைப் பெட்டிகளில் பொதுவாக வரும் குறிப்பு, ஷெல் ஹோல்டரைத் தொட்ட பிறகு மேலும் கால் சுற்று திருகு என்று சொல்லும். சட்டம் நீள்வதை ஈடுகட்டத்தான் அந்தக் கால் சுற்று. நான் அதை அலட்சியப்படுத்தி மாட்டிக்கொண்டேன். ஆனால் அந்தக் குறிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் இதைவிட மோசமான தவறில் போய் முடியலாம். தோள் தேவைக்கு மேல் பின்னே போய்விடும். கைப்பிடி வெண்ணெயாக இறங்கும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும், உறை மட்டும் உள்ளுக்குள் கிழிய ஆரம்பிக்கும். அதைப் பிறகு சொல்கிறேன். பெட்டியிலுள்ள குறிப்புக்கு உங்கள் சேம்பரின் நீளம் தெரியாது. .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையை எடுத்துக்கொண்டால், தோளில் 0.400 அங்குல விட்டம் வரும் இடத்திலிருந்து போல்ட் முகம் வரையிலான தூரம் தரநிலைப்படி 1.630 முதல் 1.640 அங்குலம் வரை இருக்கலாம். இரண்டு நல்ல ரைஃபிள்களுக்கு நடுவே கால் மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது தவறே இல்லை. அதனால் எத்தனை சுற்று என்ற கணக்கை விட்டுவிட்டு, உறையை அளக்க வேண்டும்.

அளக்க ஒரு காலிப்பரும், அதில் மாட்டும் கம்பாரேட்டரும் போதும். கம்பாரேட்டர் என்பது சரியான விட்டத்தில் துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டு. உறையின் தோள் அந்தத் துளையில் உட்காரும். அடியிலிருந்து அந்த இடம் வரை உள்ள நீளத்தைக் காலிப்பர் காட்டும். எண் துல்லியமாகத் தரநிலையோடு ஒத்துப்போகவேண்டும் என்ற அவசியம் இல்லை. சைஸ் செய்யும் முன் எவ்வளவு, பின் எவ்வளவு, அந்த வித்தியாசம்தான் வேலைக்கு ஆகிறது. என் ரைஃபிளில் சுட்ட உறை 1.632 காட்டியது. போகாத உறைகள் 1.635. அதாவது சைஸ் செய்து 0.003 அங்குலம் நீட்டியிருக்கிறேன்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, நானே விழுந்தேன். முதல் நாள் பழைய பிரைமரை எடுக்காமலே அளந்தேன். சுட்ட பிரைமர் சில சமயம் அடியிலிருந்து ஒரு துளி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். காலிப்பர் அதைத்தான் தொடும். உறை நீளமாக இருப்பதாகக் காட்டும். ஆகவே பிரைமரைத் தள்ளிவிட்டு அளக்க வேண்டும். உறையை வெளியே தள்ளும் எஜெக்டர் குத்தியதால் அடியில் எழும்பிய பிசிறும் இதே போல ஏமாற்றும். இன்னொன்று, ஒரே முறை சுட்ட உறை சேம்பரை முழுதாக நிரப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று முறை சுட்டு, போல்ட் லேசாக உரசத் தொடங்கிய உறையே சேம்பரின் உண்மையான அளவைச் சொல்லும்.

போல்ட்டைக் கையால் இயக்கும் ரைஃபிளுக்குச் சுட்ட அளவிலிருந்து தோளை 0.001 முதல் 0.002 அங்குலம் வரை பின்னே தள்ளினால் போதும். தானாக இயங்கும் அரைத் தானியங்கி வகைக்கு 0.003, 0.004 வரை கொடுப்பார்கள். அதில் போல்ட்டை மூடுவது ஸ்பிரிங்தான், அதற்குக் கொஞ்சம் தாராளமாக இடம் வேண்டும். 0.002 அங்குலம் என்றால் 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன். டையில் அங்குலத்துக்கு 14 புரி என்பதால் ஒரு முழுச் சுற்று கிட்டத்தட்ட 1.8 மில்லிமீட்டர் நகர்த்தும். அப்படியானால் 0.002 அங்குலத்துக்கு வெறும் பத்து டிகிரி திருகினால் போதும். கடிகாரத்தின் நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகரும் தூரத்தைவிடக் குறைவு! கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று நான் திருகிக்கொண்டிருந்தது எவ்வளவு முரட்டு வேலை என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது டையின் மேற்பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு, பிரஸ்ஸில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதலில் டையை வேண்டுமென்றே மேலே வைத்து ஓர் உறையைச் சைஸ் செய்து அளப்பேன். நீளம் கூடியிருக்கும். கொஞ்சம் திருகி மீண்டும். இன்னும் கூடும். ஓர் இடத்தில் கூடுவது நின்று குறையத் தொடங்கும். அங்கிருந்து முள் நகர்த்துவது போலத் திருகி, வேண்டிய எண்ணில் நிறுத்துவேன். பூட்டு வளையத்தை இறுக்குவதும் உறை உள்ளே ஏறி அழுத்தத்தில் இருக்கும்போதுதான். வெறும் டையில் இறுக்கினால் புரியில் உள்ள சிறு ஆட்டம் காரணமாக அளவு கலைந்துவிடும். இந்தச் சின்ன விஷயம் எனக்கு இரண்டு மாலைகளை மிச்சப்படுத்தியிருக்கும், முன்பே தெரிந்திருந்தால்.

எண்ணைச் சரிபார்க்க ரைஃபிளையே கேட்பதும் உண்டு. போல்ட்டிலிருந்து பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் கழற்றிவிட்டால் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு இருக்காது. அந்த நிலையில் வெறும் உறையைப் போட்டுப் பார்க்க வேண்டும். தோள் முன்னே இருந்தால் கைப்பிடி மேலேயே நிற்கும். சரியான இடத்துக்கு வந்த உறையில் கைப்பிடி தன் எடையிலேயே இறங்கிவிடும்.

சரி, மசகு விஷயத்துக்கு வருகிறேன். மற்ற எல்லாச் சிக்கலும் சேர்ந்து எனக்குக் கொடுத்த தொல்லையைவிட இது ஒன்றே அதிகம் கொடுத்தது.

மசகு குறைந்தால் உறை டைக்குள் மாட்டிக்கொள்ளும். என் முதல் மாட்டிய உறையை இன்றும் ஞாபகம் வைத்திருக்கிறேன். லானோலினை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்து, பாட்டிலில் ஊற்றி, உறைகளின் மேல் தெளித்தேன். பலரும் செய்வதுதான், மிக நல்ல மசகும்கூட. ஆனால் தெளித்த கையோடு சைஸ் செய்ய உட்கார்ந்தேன். ஆல்கஹால் ஆவியாகி லானோலின் மட்டும் மெல்லிய படலமாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆல்கஹால் வழுக்குவது போலத் தோன்றும்; அந்த அழுத்தத்தில் அது மசகே இல்லை. முதல் உறை ஏறும்போதே பாதி வழியில் கனத்தது. கைப்பிடியில் எடையைப் போட்டு இறக்கிவிட்டேன். திரும்ப மேலே தூக்கியபோது 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு கைப்பிடி காற்றில் வருவது போல லேசாக வந்தது. ஷெல் ஹோல்டரில் உறையின் விளிம்பிலிருந்து கிழிந்த ஒரு பிறைத்துண்டு மட்டும் இருந்தது. உறை டைக்குள்.

மாட்டிய உறையை எடுக்கும் முறை எல்லோரும் செய்வதுதான். முதலில் டையின் நடுத்தண்டைத் தளர்த்தி முடிந்தவரை மேலே ஏற்ற வேண்டும். அந்தத் தண்டில் உள்ள பிரைமர் தள்ளும் ஊசியும், கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டையும் அந்த உறைக்குள்தான் இருக்கின்றன. டிரில் அவற்றில் போய் மோதினால் இன்னொரு செலவு. பிறகு உறையின் அடியில், பிரைமர் குழி வழியாகத் துளையிட்டு, கால் அங்குலப் போல்ட்டுக்கான புரி வெட்டி, ஒரு குழாய்த் துண்டை டையின் வாயில் வைத்து, அதன் மேல் வாஷர் போட்டு, போல்ட்டைத் திருகித் திருகி உறையை வெளியே இழுக்க வேண்டும். உறை ஏறும்போது ஊசி பழைய பிரைமரை முழுதாகத் தள்ளிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். சுடாத பிரைமர் உள்ள உறை என்றால் டிரில்லைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. லேசாக மாட்டியது என்றால் அதற்கு முன் டையை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்துப் பார்க்கலாம். குளிரில் பித்தளை எஃகைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சுருங்கும், சில சமயம் அதுவே பிடியைத் தளர்த்திவிடும். என்னுடையது தளரவில்லை.

இதை எல்லாம் செய்வதைவிட, கைப்பிடி வழக்கத்தைவிடக் கனக்கும் அந்த நொடியில் நிறுத்துவது எவ்வளவோ மேல். பாதியில் நின்ற உறை பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வந்ததும் துடைத்து, மசகைப் பூசி, மறுபடி ஏற்றலாம். கை எந்த அளவு எதிர்ப்பை எதிர்பார்க்க வேண்டும் என்று முதல் சில உறைகளிலேயே பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மதிக்க வேண்டும்.

குறைந்ததில் பட்ட நான் அடுத்து அதிகத்தில் பட்டேன். நன்றாகக் குளிப்பாட்டினேன். இந்த முறை எதுவும் மாட்டவில்லை, ஆனால் உறைகளின் தோளில் நகம் அழுத்தியது போலச் சிறு பள்ளங்கள். மிஞ்சிய மசகு டைக்குள் மேலே வழிந்து தோளுக்கும் டைக்கும் நடுவே தேங்குகிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, அதனால் பித்தளைதான் விட்டுக்கொடுக்கிறது. சிறிய பள்ளங்கள் அடுத்த முறை சுடும்போது வெளியே தள்ளப்பட்டுச் சரியாகிவிடும். மடிப்பு மாதிரி கூர்மையாக விழுந்தவற்றை நான் பயன்படுத்துவதில்லை. தோளில் மசகு பூசவே தேவையில்லை, உடலில் பூசினால் போதும். பல டைகளில் காற்றும் மசகும் வெளியேற ஒரு சிறு துளை இருக்கும். அது அடைபட்டிருந்தால் எவ்வளவு கவனமாகப் பூசினாலும் பள்ளம் விழும். ஒரு மெல்லிய கம்பியால் குத்திப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகாது.

இப்போது நான் மெழுகு வகை மசகைத்தான் விரும்புகிறேன். ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் தொட்டு, உறையின் கீழ்ப்பாதியை ஒரு தடவை உருட்டினால் ஆயிற்று. அடியை ஒட்டிய பகுதியில்தான் பித்தளை தடிப்பு அதிகம், நெருக்கலும் அதிகம். விரல் அங்கே கட்டாயம் போக வேண்டும். வேலை முடிந்ததும் மசகை முழுதாகத் துடைத்து எடுப்பதும் முக்கியம். சுடும்போது உறை விரிந்து சேம்பரின் சுவரைப் பிடித்துக்கொள்வதால் பின்னே வரும் உதையில் ஒரு பங்கைச் சுவர் தாங்குகிறது. மசகோடு போனால் அந்தப் பிடி குறைந்து போல்ட் முகத்தின் மேல் பாரம் கூடும்.

கழுத்தின் உட்புறத்தையும் மறக்கக் கூடாது. உறை டையிலிருந்து வெளியே வரும்போது எக்ஸ்பாண்டர் உருண்டை கழுத்தின் உள்ளே உரசிக்கொண்டு இழுபடுகிறது. உள்ளே வறண்டிருந்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் உருண்டை கழுத்தையும் தோளையும் முன்னே இழுக்கிறது என்று அர்த்தம். கஷ்டப்பட்டு 0.002 தள்ளிய தோள் திரும்பவும் முன்னே வந்துவிடும், கழுத்தும் ஒரு பக்கமாகச் சாயும். டம்ளர் என்ற சுழலும் இயந்திரத்தில் தண்ணீரும் ஸ்டீல் ஊசிகளும் போட்டுக் கழுவத் தொடங்கிய பிறகு எனக்கு இந்தச் சத்தம் அதிகமானது. கழுத்துக்குள் இருந்த கரியே இத்தனை நாளும் மசகாக உதவியிருக்கிறது. அதைப் பளபளவென்று கழுவிவிட்டேன். இப்போது நைலான் பிரஷ்ஷில் கிராஃபைட் தூளைத் தொட்டு ஒவ்வொரு கழுத்திலும் ஒருமுறை விட்டு எடுக்கிறேன்.

கீறல்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எல்லா உறையிலும் ஒரே மாதிரி நீளக் கோடு விழுந்தால் டைக்குள் மணலோ, ஒட்டிக்கொண்ட பித்தளைத் துணுக்கோ இருக்கிறது. சுத்தம் செய்து மெருகேற்ற வேண்டும். ஒன்றிரண்டில் மட்டும் விழுந்தால் அந்த உறைகள் சரியாகக் கழுவப்படவில்லை.

டையை ஒரு தடவை ஒழுங்காகப் பொருத்திவிட்டால் காலத்துக்கும் அப்படியே இருக்கும் என்றுதான் நம்பியிருந்தேன். ஆறாவது சுடலுக்குப் பிறகு அதே டை, அதே கோடு, அதே மசகு. தோள் மட்டும் வழக்கமான 1.630இல் நிற்காமல் 1.631, 1.632, 1.633 என்று சிதறியது. டை நகரவில்லை. மாறியது பித்தளை. உறைகளுக்குப் பயன்படும் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்தக் கலவையை வளைக்க வளைக்க, நெருக்க நெருக்க அது கெட்டிப்படும். கெட்டிப்பட்ட பித்தளை அழுத்தத்தை எடுத்ததும் முன்பைவிட அதிகமாகத் துள்ளித் திரும்பும். புது உறையில் டை சொன்ன இடத்தில் நின்ற தோள், பழைய உறையில் பாதி வழி திரும்பி வந்துவிடுகிறது. கழுத்துகள் வாயிலிருந்து கீழ்நோக்கிப் பிளப்பதும் இதே காரணத்தால்தான்.

இதற்கு மருந்து கழுத்தையும் தோளையும் சூடாக்கி மென்மைப்படுத்துவது. அனீலிங் என்று சொல்கிறோம். சுடரில் சில நொடிகள்தான், உறை சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அடிப்பாகத்துக்கு அந்தச் சூடு போகவே கூடாது. அடி கெட்டியாக இருப்பதால்தான் அழுத்தத்தைத் தாங்குகிறது, மென்மையாகிப்போன அடி பெரிய ஆபத்து. தெரியாமல் அடிவரை சூடேறிவிட்ட உறையைச் சந்தேகத்தின் பலனைக்கூடக் கொடுக்காமல் ஒதுக்கிவிட வேண்டும். அனீல் செய்யாத நாட்களில் ஒரு சின்ன உத்தி கைகொடுக்கிறது. கைப்பிடியைக் கீழே இறக்கியதும் உடனே தூக்காமல் ஐந்து நொடி அழுத்திப் பிடித்து வைத்தால் சிதறல் கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது. வேறு வேறு நிறுவனத்து உறைகளையும், வேறு வேறு எண்ணிக்கை சுட்ட உறைகளையும் கலக்காமல் தனித்தனி டப்பாவில் வைப்பதும் இதனால்தான். ஒவ்வொன்றும் வேறு அளவு துள்ளும்.

பித்தளைக்குள் அழுத்தம் தங்கிவிடுவது பற்றிப் பேசும்போது ஒரு பழைய கதை எனக்கு ஞாபகம் வரும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. யாரும் தொடாமலே உறைகளில் விரிசல் விழுந்தது. பருவத்தோடு வருவதால் பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். காரணம் 1921இல்தான் தெளிவானது: குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா, ஈரம், உறையை உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிப்போன அழுத்தம், மூன்றும் சேர்ந்து செய்த வேலை. அதனால்தான் அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷை உறைகள் பக்கம் நான் கொண்டுவருவதில்லை. சைஸ் செய்த உறைக்குள்ளும் அப்படி அழுத்தம் இருக்கத்தானே செய்கிறது.

போல்ட் நன்றாக மூடுகிறது, சுட்ட பிறகு திறக்கும்போது மட்டும் கைப்பிடியின் உச்சியில் 'கிளிக்' என்று ஒரு பிடிப்பு தெரிந்தால் அது தோள் விவகாரம் இல்லை. அடிக்குச் சற்று மேலே உறை பருத்துவிட்டது. டையின் வாய் கொஞ்சம் அகன்றிருக்கும், ஷெல் ஹோல்டரும் அடியில் இடம் பிடித்துக்கொள்ளும். அதனால் அந்தக் கடைசிச் சில மில்லிமீட்டரை டை நெருக்குவதே இல்லை. வேறு ரைஃபிளில், அகன்ற சேம்பரில் சுட்ட உறைகளை வாங்கியோ பொறுக்கியோ பயன்படுத்தும்போது இது அதிகம் வரும். அடியை மேலும் ஒடுக்கும் தனி டை கிடைக்கிறது. சொந்த ரைஃபிளில் சுட்ட உறைகளிலேயே இது வந்தால் டையை விட்டுவிட்டு நிரப்பும் அளவை முதலில் சந்தேகிக்க வேண்டும். அழுத்தம் அதிகமாக இருக்கலாம்.

பிரைமர் தள்ளும் ஊசி உடைவதற்கு நான் கண்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, பர்டான் வகை உறை. பாக்ஸர் வகையில் நடுவே ஒரே துளை. பர்டான் வகையில் நடுவில் ஒரு மேடும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளைகளும். ஊசி போய் மேட்டில் குத்தும். உறையின் வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மற்றொன்று, வழக்கமான 2 மில்லிமீட்டருக்குப் பதிலாக 1.5 மில்லிமீட்டர் துளை போட்ட உறைகள். ஊசி உள்ளே போய்த் திரும்பி வராது.

சைஸ் செய்த பிறகு உறையின் மொத்த நீளத்தையும் அளக்க வேண்டும். டை நெருக்கிய பித்தளை கழுத்து வழியாக முன்னே போகும். .308க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், அதாவது 51.18 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் வாய் சேம்பரின் முனையில் மோதிக் குண்டைக் கவ்விக்கொள்ளும், அழுத்தம் எங்கேயோ போய்விடும். தாண்டியவற்றை 2.005க்கு வெட்டிவிடுகிறேன். சைஸ் செய்வதற்கு முன் வெட்டினால் அந்த அளவு நிலைக்காது.

கடைசியாக, மேலே பாதியில் விட்ட விஷயம். தோளை அளவுக்கு மீறிப் பின்னே தள்ளிய உறை சேம்பருக்குள் ஆடும். சுடும்போது ஃபயரிங் பின் அதை முன்னே தள்ளுகிறது; உறையின் மெல்லிய முன்பகுதி விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்கிறது; தடித்த அடி மட்டும் பின்னே போய் போல்ட் முகத்தில் உட்காருகிறது. நடுவில் உள்ள பித்தளை இழுபட்டு மெலிகிறது. ஒவ்வொரு முறை தோளைப் பின்னே தள்ளும்போதும் அடுத்த சுடலில் அது திரும்ப நீளும், அதே இடம் திரும்ப மெலியும். நான்கைந்து சுற்றில் அடி தனியே கழன்று வரலாம். சூடான வாயு முகத்துக்கு நேரே வருகிற விபத்து அது.

அதற்கு முன் உறை சொல்லிவிடும். வெளியே, அடியிலிருந்து ஆறேழு மில்லிமீட்டர் மேலே, சுற்றிலும் மெல்லிய வெளிர் வளையம் தெரியும். டை உரசிய இடமும் அங்கே பளபளக்கும் என்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, முனையைச் சின்னக் கொக்கியாக வளைத்து, கூராக்கி வைத்திருக்கிறேன். அதை உறைக்குள் விட்டு, அடியைத் தொட்டுவிட்டு, சுவரை ஒட்டி மெதுவாக மேலே இழுப்பேன். நல்ல உறையில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். உள்ளே பள்ளம் விழுந்திருந்தால் கம்பி அங்கே ஒரு கணம் தடுக்கி நிற்கும், விரல் நுனியில் தெளிவாகத் தெரியும்.

டையைப் பொருத்தக் கற்றுக்கொள்வதற்கு முன்பு, பெட்டியில் சொன்ன கால் சுற்றை அப்படியே நம்பிச் சில வாரம் சைஸ் செய்த ஒரு டப்பா என்னிடம் இருந்தது. போன மாதம் அதை எடுத்து 50 உறைகளிலும் கம்பியை விட்டுப் பார்த்தேன். ஏழில் தடுக்கியது. மற்ற 43ஐயும் வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. அவையும் அதே அளவு இழுபட்டவைதானே. வேறு யாரும் எடுத்து நிரப்பிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் வாயையும் பிளையரால் தட்டையாக நசுக்கி, கழிவுப் பித்தளை வாளியில் போட்டுவிட்டேன்.